அரிசோனாவில் இரண்டு சூரியோதயம்: எந்த ஊர்க் கடிகாரத்தை நம்புவது?

வைகறை (டாலஸ்) · செப்டம்பர் 14

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 71 வயது. பள்ளிக்கூட நாளிலிருந்தே கிராண்ட் கேன்யனைப் பார்க்க ஆசைப்பட்டவர். அதையும் பொழுது விடியும்போது பார்க்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறார். அதனால் இரண்டு சூரியோதயங்களை முதலில் குறித்துக்கொண்டு, மற்றவற்றை அவற்றைச் சுற்றி அடுக்கியிருக்கிறேன்.

அக்டோபர் 10 பீனிக்ஸில் இறங்கிக் காரில் கிராண்ட் கேன்யன் தென் விளிம்புக்குப் போகிறோம். 11 காலை மேத்தர் பாயின்டில் உதயம். அன்றே பேஜ் ஊருக்குப் போய்த் தங்குகிறோம். 12 காலை 9:30-க்கு ஆன்டிலோப் கேன்யன், டிக்கெட் வாங்கிவிட்டேன். மாலைக்குள் மான்யுமென்ட் வேலி. 13 காலை அங்கே இரண்டாவது உதயம்.

குழப்பம் இதுதான். 11-ஆம் தேதி மேத்தர் பாயின்டில் உதயம் 6:32 என்று இருக்கிறது. 13-ஆம் தேதி மான்யுமென்ட் வேலியில் 7:26 என்று இருக்கிறது. இரண்டும் வரைபடத்தில் அரிசோனாவில்தான் வருகின்றன. இரண்டு நாள் இடைவெளியில் சூரியன் 54 நிமிடம் தள்ளிப் போகுமா? ஏதோ ஓர் எண் தவறு என்று நினைக்கிறேன், எது என்று தெரியவில்லை. குளிரில் அப்பாவை ஒரு மணி நேரம் வீணாக நிற்க வைக்கவும் மனமில்லை, அவருக்கு உதயத்தைத் தவறவிடவும் மனமில்லை. யாராவது விளக்குங்கள்.

பாலைவனவாசி (பீனிக்ஸ்) · செப்டம்பர் 14

இரண்டு எண்ணும் சரிதான், சகோதரி. இரண்டும் வெவ்வேறு கடிகாரத்துக்கு உரியவை.

அரிசோனா மாநிலம் ஆண்டு முழுவதும் மலை நேர மண்டலத்தின் நிலையான நேரத்திலேயே இருக்கிறது. உலகப் பொது நேரத்துக்கு 7 மணி நேரம் பின்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறு மற்ற மாநிலங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும்போதும் நாங்கள் தொடுவதில்லை, நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் பின்னே தள்ளும்போதும் தொடுவதில்லை. இப்படிக் கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளுவதுதான் பகல் சேமிப்பு நேரம். 1966-இல் அதற்கு நாடு முழுவதற்கும் சட்டம் வந்தபோது, அரிசோனாவில் 1967-இல் ஒரே ஒரு கோடை முயன்று பார்த்தார்கள். 1968-இல் விலகிவிட்டார்கள். காரணம் வெயில். ஜூன் மாதம் பீனிக்ஸில் இப்போதே மாலை 7:40-க்குத்தான் சூரியன் மறைகிறது. பகல் சேமிப்பு நேரம் இருந்தால் 8:40 ஆகும். 110 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நாளெல்லாம் வெந்தவர்களுக்கு இருட்டு வருவதே இளைப்பாறல். இங்கே பதினைந்து ஆண்டுகளாக வாழ்கிறேன், அந்த முடிவை எடுத்தவர்களை ஒவ்வொரு ஜூலையிலும் வாழ்த்துகிறேன்.

ஆனால் அரிசோனாவின் வடகிழக்கில் நவஹோ பழங்குடி மக்கள் தாங்களே நிர்வகிக்கும் நவஹோ நாடு இருக்கிறது. அது யூட்டாவிலும் நியூ மெக்சிகோவிலும் நீண்டு கிடக்கிறது. அந்த இரண்டு மாநிலங்களும் கோடையில் கடிகாரத்தை மாற்றுகின்றன. ஒரே மக்கள், ஒரே நிர்வாகம், அவர்களுக்குள் இரண்டு நேரம் வேண்டாம் என்று நவஹோ நாடு முழுவதும் பகல் சேமிப்பு நேரத்தைப் பின்பற்றுகிறார்கள். மான்யுமென்ட் வேலி அவர்களுடைய பழங்குடிப் பூங்கா. அக்டோபர் 13 அங்கே காலை 7:26 என்றால் என் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் 6:26.

நெடுஞ்சாலை (சான் ஹோசே) · செப்டம்பர் 14

இவ்வளவு கவலை தேவையில்லை என்பது என் கருத்து. கைப்பேசியில் நேரம் தானாக மாறும்படி விட்டுவிடுங்கள். எந்த எல்லையைக் கடந்தாலும் அதுவே திருத்திக்கொள்ளும். நாங்கள் லாஸ் வேகஸ் வழியாகப் போனோம், ஒன்றுமே நேரவில்லை.

முக்காலி (டென்வர்) · செப்டம்பர் 15

நெடுஞ்சாலை நண்பரே, உங்களுக்கு ஒன்றும் நேராமல் போனதற்குக் காரணம் கைப்பேசி அல்ல. கோடையில் நெவாடாவும் கலிபோர்னியாவும் ஒரு மணி நேரம் முன்னே வந்துவிடுவதால் அரிசோனாவோடு ஒன்றாகிவிடுகின்றன. ஹூவர் அணையில் நீர் உள்வாங்கும் கோபுரங்களில் ஒரு பக்கம் நெவாடா நேரமும் மறுபக்கம் அரிசோனா நேரமும் காட்டும் கடிகாரங்கள் இருக்கின்றன. கோடையில் இரண்டும் ஒரே மணி காட்டும். டிசம்பரில் அதே பயணத்தைச் செய்து பாருங்கள், அணையைக் கடந்ததும் ஒரு மணி நேரம் கையை விட்டுப் போகும்.

கைப்பேசியை நம்பி நான் இழந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஜூன் மாதம், பேஜில் தங்கி மான்யுமென்ட் வேலி உதயத்தைப் படமெடுக்கக் கிளம்பினேன். உதயம் 6:01 என்று குறித்து வைத்திருந்தேன். அது நவஹோ நேரம். கைப்பேசியோ பேஜில் அரிசோனா நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம், 5:30-க்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு 3:30-க்குக் கிளம்பினேன். கயென்டாவைத் தாண்டும்போதே கீழ்வானம் சிவந்துவிட்டது. ஏன் இவ்வளவு சீக்கிரம் விடிகிறது என்று புரியாமல் காரை விரட்டினேன். போய் இறங்கியபோது அங்கே 6:30. மிட்டன் பாறைகளின் மேல் வெயில் நன்றாக ஏறியிருந்தது. எட்டு மாதம் திட்டமிட்ட காலை அது. அன்றிலிருந்து, ஒரு நேரத்தைக் குறித்தால் அது எந்த ஊர்க் கடிகாரம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுகிறேன். ‘6:01’ என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டால் எனக்குப் பயனில்லை.

கவனியுங்கள்: அரிசோனா நேரத்திலிருந்து நவஹோ நேரத்துக்குப் போகும்போதுதான் ஆபத்து. அந்தத் திசையில் ஒரு மணி நேரத்தை இழக்கிறோம். திரும்பி வரும்போது தவறினாலும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்போம், அவ்வளவுதான்.

வைகறை · செப்டம்பர் 15

பாலைவனவாசி அண்ணா, முக்காலி அண்ணா, மிக்க நன்றி. 54 நிமிடப் புதிர் பாதி விடுபட்டது. ஆனால் புதிதாக ஒரு பயம் வந்துவிட்டது. ஆன்டிலோப் கேன்யனும் நவஹோ நிலம் என்றுதானே படித்தேன்? அப்படியானால் என் 9:30 டிக்கெட் நவஹோ நேரமா? பேஜ் விடுதியில் எங்கள் கடிகாரம் 8:30 காட்டும்போதே அங்கே இருக்க வேண்டுமா?

பாலைவனவாசி · செப்டம்பர் 15

நல்ல கேள்வி. நில உரிமையை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் நடைமுறை வேறு. ஆன்டிலோப் கேன்யனுக்கு வருகிறவர்கள் பேஜில் தங்கி வருகிறார்கள். பேஜ் நவஹோ நாட்டுக்குள் இல்லை, அரிசோனா நேரத்தில் இருக்கிறது. அதனால் சுற்றுலா நடத்துகிறவர்கள் நவஹோக்களாக இருந்தும் அரிசோனா நேரத்திலேயே டிக்கெட் கொடுக்கிறார்கள். உங்கள் 9:30 பேஜ் கடிகாரத்தின் 9:30. டிக்கெட்டில் அப்படி அச்சிட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், நிம்மதியாக இருக்கும்.

பேஜில் இன்னொரு சிக்கல். ஊர் யூட்டா எல்லையை ஒட்டி இருக்கிறது, மறுபக்கம் நவஹோ நிலம். கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அதன் நேரத்தைக் காட்டும். விடுதி அறையில் ஒரு மணியும், கார் நிறுத்துமிடத்தில் வேறு மணியும் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

இதைவிட விந்தை வேண்டுமென்றால் டூபா சிட்டிக்குப் போக வேண்டும். நவஹோ நாட்டின் நடுவே, நான்கு பக்கமும் அதனால் சூழப்பட்டு ஹோப்பி என்ற இன்னொரு பழங்குடி மக்களின் நிலம் இருக்கிறது. ஹோப்பிகள் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. டூபா சிட்டி நவஹோ ஊர், அதை ஒட்டியே இருக்கும் மோயென்கோபி ஹோப்பி ஊர். பக்கத்துப் பக்கத்து ஊர், கோடையில் ஒரு மணி நேர வித்தியாசம். அங்கிருந்து 264-ஆம் சாலையில் கிழக்கே போனால் ஹோப்பி நேரம், ஜெடிட்டோ என்ற சிறு நவஹோ பகுதியில் நவஹோ நேரம், மறுபடி ஹோப்பி, மறுபடி நவஹோ என்று ஒரே பயணத்தில் கடிகாரம் பலமுறை மாறும். ஹோப்பிகளின் விழாக்காலங்கள் சூரியன் அடிவானத்தில் எந்த இடத்தில் எழுகிறது என்பதைப் பார்த்துக் கணிக்கப்படுபவை. அந்த மக்களின் நிலத்தில் நின்று மணி என்ன என்று கேட்கும்போது எனக்கு எப்போதும் ஒரு மரியாதை கலந்த தயக்கம் வரும்.

ஓய்வாசிரியர் (திருநெல்வேலி, இப்போது ஹூஸ்டனில் மகன் வீட்டில்) · செப்டம்பர் 16

மகளே, மீதிப் பாதிப் புதிரை நான் அவிழ்க்கிறேன். முப்பத்து நான்கு ஆண்டு புவியியல் சொல்லிக்கொடுத்தவன், இதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. மேத்தர் பாயின்ட் மேற்குத் தீர்க்கரேகை 112 பாகையை ஒட்டி இருக்கிறது, மான்யுமென்ட் வேலி 110-ஐ ஒட்டி. இரண்டு பாகை வித்தியாசம். ஆகவே கிழக்கே இருக்கும் மான்யுமென்ட் வேலியில் உதயம் ஏறத்தாழ 8 நிமிடம் முந்த வேண்டும். ஆனால் நீ இரண்டு நாள் கழித்துப் போகிறாய். அக்டோபரில் அங்கே உதயம் நாளுக்கு ஒரு நிமிடம் போலப் பின்தள்ளுகிறது. 8-இல் 2 போனால் 6. அரிசோனா நேரத்தில் 6:32-க்கு 6 நிமிடம் முன்னால் 6:26. அதன்மேல் நவஹோ நாட்டின் ஒரு மணி நேரம் ஏறி 7:26. ஆறு நிமிடம் சூரியன் கொடுத்தது, அறுபது நிமிடம் மனிதர் கொடுத்தது.

நமக்கு இது பழக்கமில்லாததற்குக் காரணம் உண்டு. இந்தியா முழுவதற்கும் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஒரே நேரம். கன்னியாகுமரியில் உதயம் பார்க்கப் போகிறவர் யாரும் ‘எந்த நேரம்’ என்று கேட்க வேண்டியதில்லை. அருணாசலப் பிரதேசத்தில் விடிகாலை நாலரைக்கே சூரியன் வந்தாலும் அதே கடிகாரம்தான். அசாமின் தேயிலைத் தோட்டங்களில் மட்டும் ஒரு மணி நேரம் முந்திய ‘தோட்ட நேரம்’ என்று தனியாக வைத்துக்கொண்டார்கள்.

என் தாத்தா சாதகம் கணிக்கும்போது ‘உதயாதி நாழிகை’ என்று எழுதுவார். உதயத்திலிருந்து எத்தனை நாழிகை என்ற கணக்கு. ஒரு நாழிகை 24 நிமிடம். நீயும் உன் திட்டத்தை அப்படியே எழுது. உதயத்துக்கு மூன்று நாழிகை முன் எழுவது, இரண்டு நாழிகை முன் கிளம்புவது. கடிகார மணியைக் கடைசியில் போட்டுக்கொள்.

டொரன்டோ ஈழவன் · செப்டம்பர் 16

ஐயாவின் விளக்கம் அருமை. பக்கத்துப் பக்கத்து ஊரில் வேறு வேறு நேரம் என்பதை வாசித்தவுடன் எனக்கு வன்னி நினைவுக்கு வந்தது. 1996-இல் இலங்கையில் மின்சாரத் தட்டுப்பாடு. மே மாதம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள். அந்த அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை அப்படியே நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை, பழைய நேரமே இருந்தது. 2002-இல் ஏ9 பாதை திறந்த பிறகு வவுனியாவில் இருந்து ஓமந்தையைக் கடந்து உள்ளே போனால் அரை மணித்தியாலம் பின்னே போய்விடும். ‘புது நேரமோ, பழைய நேரமோ?’ என்று கேட்காமல் ஒருவரும் பஸ்ஸுக்குக் காத்திருக்க மாட்டார்கள். கலியாண அழைப்பிதழில்கூட எந்த நேரம் என்று பார்ப்போம்.

வைகறை அக்கா, அங்கே போய் ஆரைக் கேட்டாலும் அந்த ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கோ. ‘அரிசோனா நேரமா, நவஹோ நேரமா?’ வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கே வாழ்கிறவர்களுக்கு அது நாளாந்தக் கேள்வி.

நெடுஞ்சாலை · செப்டம்பர் 17

முக்காலி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். என் பயணத்தை எடுத்துப் பார்த்தேன், ஆகஸ்டில்தான் போயிருக்கிறோம். நேரங்கள் ஒத்துப்போன மாதத்தில் போய்விட்டு, கைப்பேசி காப்பாற்றியதாக நினைத்திருக்கிறேன்.

மென்பொருள் துறையில் இருப்பதால் இந்தப் பகுதியையாவது உருப்படியாகச் சொல்கிறேன். கணினிகள் எல்லாம் பயன்படுத்தும் நேர மண்டலப் பட்டியலில் அரிசோனாவுக்குப் ‘பீனிக்ஸ்’ என்று தனிப் பெயர் இருக்கிறது. நவஹோ நாடு ‘டென்வர்’ நேரத்தோடு போகிறது. கைப்பேசி அமைப்பில் தேதி, நேரம் என்ற பகுதிக்குப் போய், தானாக மாறுவதை நிறுத்திவிட்டு, ஊராகப் பீனிக்ஸைத் தேர்ந்தெடுங்கள். பயணம் முடியும் வரை அப்படியே இருக்கட்டும். உலகக் கடிகாரத்தில் டென்வரையும் சேர்த்து வைத்தால், ஒன்று அரிசோனா, மற்றது நவஹோ.

இதை நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசித்தேன். எழுப்பு மணி கைப்பேசி காட்டும் நேரத்தைத்தான் பின்பற்றும். மான்யுமென்ட் வேலியில் நவஹோ நேரத்துக்கு 6 மணி என்று வைத்துவிட்டுத் தூங்குகிறீர்கள், நடு இரவில் கைப்பேசி அரிசோனா நேரத்துக்குத் தாவுகிறது என்றால் மணி ஒரு மணி நேரம் தாமதமாக அடிக்கும்.

நாட்காட்டியில் குறிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. டாலஸில் உட்கார்ந்து அக்டோபர் 11, 6:32 என்று குறித்தால் பல நாட்காட்டிகள் அதை டாலஸின் 6:32 என்றே சேமிக்கும். அரிசோனாவில் இறங்கியதும் அது 4:32 ஆகிவிடும். குறிக்கும்போதே நேர மண்டலத்தையும் தேர்ந்தெடுங்கள், அல்லது முக்காலி சொன்னதுபோலக் காகிதத்தில் எழுதுங்கள்.

முன்பதிவிலும் இதே கதை உண்டு. ஹவாயில் ஹலேயகலா மலை உச்சியில் உதயம் பார்க்க, விடிகாலை 3 முதல் 7 மணி வரை போகும் வாகனத்துக்கு முன்பதிவு வேண்டும். 2017 முதல் இந்த நடைமுறை. அந்த முன்பதிவு ஹவாய் நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். ஹவாயும் கடிகாரத்தை மாற்றாத மாநிலம். எங்கள் கலிபோர்னியாவில் கோடையில் அது காலை 10, குளிர்காலத்தில் 9. சென்ற முறை நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகும் 10 மணி என்றே நினைத்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் எல்லா இடமும் போயிருந்தது.

முக்காலி · செப்டம்பர் 17

நெடுஞ்சாலை, இதை இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி. இனி மேத்தர் பாயின்டில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பதைப் பேசுவோம்.

அட்டவணையில் வரும் உதய நேரம் சூரியனின் மேல்விளிம்பு தட்டையான அடிவானத்தைத் தொடும் கணம். அந்தக் கணத்தில் போய் நின்றால் பாதிக் காட்சி முடிந்திருக்கும். சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே இருக்கும்போதே விளக்கில்லாமல் நடக்கும் அளவுக்கு வெளிச்சம் வந்துவிடும். அந்த ஊரில், அந்த மாதத்தில் அது உதயத்துக்கு 25, 26 நிமிடம் முன்னால். கீழ்வானம் வெளுத்து, மஞ்சளாகி, மேற்கே பூமியின் நிழல் நீலப் பட்டையாக இறங்குவதெல்லாம் அப்போதுதான் நடக்கும். பள்ளத்தாக்கு முதலில் சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காகத் தெரியும். பிறகு உச்சிப் பாறைகளின் நுனியில் மட்டும் செம்மை பிடிக்கும். அந்தச் செம்மை ஒவ்வொரு அடுக்காகக் கீழே இறங்குவதைப் பார்ப்பதுதான் கிராண்ட் கேன்யனின் விடியல். ஆற்றங்கரைக்கு வெயில் போய்ச் சேர வெகுநேரம் ஆகும். ஆகவே உதயத்துக்குப் பிறகும் அரை மணி நேரமாவது நில்லுங்கள். பலர் சூரியனைப் பார்த்ததும் காருக்கு ஓடிவிடுகிறார்கள், பார்க்கும்போது எனக்கு மனசு பதறும்.

பெரியவர்கள் இருப்பதால் 40 நிமிடம் முன்னால், அதாவது அரிசோனா நேரம் 5:50-க்கு விளிம்பில் இருங்கள். தென் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி. அக்டோபர் விடிகாலையில் உறைநிலையை ஒட்டிய குளிர் இருக்கும். தஞ்சாவூர் உடம்புக்குக் கம்பளித் தொப்பியும் கையுறையும் கட்டாயம். மேத்தர் பாயின்ட் நல்ல தேர்வு, கார் நிறுத்தி அதிகம் நடக்க வேண்டியதில்லை. யாக்கி பாயின்டுக்குச் சொந்தக் கார் போகாது. ஹெர்மிட் சாலையும் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்தக் காருக்கு மூடியிருக்கும். அந்த இரண்டுக்கும் பூங்காவின் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு. காலை 5 மணிக்கு எழுவது டாலஸ் பழக்கத்துக்கு 7 மணி. முதல் நாள் அப்பாவே உங்களை எழுப்பிவிடுவார்.

புதுவை மீனா (சால்ட் லேக் சிட்டி) · செப்டம்பர் 19

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நாங்கள் அக்டோபர் கடைசியில் யூட்டாவின் பிரைஸ் கேன்யன் போகிறோம். கடிகாரம் மாறும் அந்த ஞாயிறும் அங்கேதான் இருப்போம். சனிக்கிழமை ஓர் உதயம், ஞாயிறு ஓர் உதயம். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் எழுந்தால் போதுமா?

முக்காலி · செப்டம்பர் 19

போதாது. அந்த வாரத்தில் சனிக்கிழமை அங்கே உதயம் 7:53-ஐ ஒட்டி இருக்கும். ஞாயிறு விடிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 1-க்குத் திரும்புகிறது. ஆகவே ஞாயிறு உதயம் 6:54-ஐ ஒட்டி. சூரியன் ஒரு நிமிடம்தான் நகர்ந்திருக்கும். சனிக்கிழமை எழுந்த கடிகார மணிக்கே ஞாயிறும் எழுந்தால், நீங்கள் போகும்போது வெயில் அடித்துக்கொண்டிருக்கும். உங்கள் உடம்பு எழும் நேரத்தை நம்புங்கள், அது சரியாக இருக்கும். அன்றைக்கு அரிசோனாவும் நவஹோ நாடும் யூட்டாவும் மறுபடி ஒரே மணிக்கு வந்துவிடும். மார்ச் வரை இந்த விவாதத்துக்கே வேலை இருக்காது.

வைகறை · செப்டம்பர் 21

எல்லாருடைய பேச்சையும் வைத்து ஒரு தாளில் எழுதியிருக்கிறேன். தவறிருந்தால் சொல்லுங்கள்.

11 சனி. உதயம் அரிசோனா 6:32. எழுவது அரிசோனா 5:00. விளிம்பில் நிற்பது அரிசோனா 5:50.
அன்று கேமரன் வழியாக நவஹோ நிலத்தில் ஓட்டுவோம். கைப்பேசி என்ன காட்டினாலும் கண்டுகொள்வதில்லை.
12 ஞாயிறு. ஆன்டிலோப் அரிசோனா 9:30. பேஜ் விடுதியிலிருந்து கிளம்புவது அரிசோனா 8:30.
மான்யுமென்ட் வேலி விடுதியில் அறை கிடைப்பது நவஹோ 4:00, அதாவது அரிசோனா 3:00.
13 திங்கள். உதயம் நவஹோ 7:26, அதாவது அரிசோனா 6:26. எழுவது நவஹோ 6:15, அதாவது அரிசோனா 5:15.

அப்பாவிடம் ஒரு பழைய எச்எம்டி கைக்கடிகாரம் இருக்கிறது, தினமும் சாவி கொடுப்பார். அதை அரிசோனா நேரத்தில் வைத்துப் பயணம் முழுவதும் தொடாமல் வைத்திருப்பது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம்.

பாலைவனவாசி · செப்டம்பர் 21

தாள் சரியாக இருக்கிறது. கைக்கடிகார யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: அரிசோனாவுக்கும் இந்தியாவுக்கும் ஆண்டு முழுவதும் பன்னிரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். கைக்கடிகாரத்தில் அரை மணி கூட்டி, காலையை மாலையாக்கினால் தஞ்சாவூர் நேரம் வந்துவிடும். இங்கே வாழும் நாங்கள் ஊருக்குப் பேச வேறு கணக்கே போடுவதில்லை.

மான்யுமென்ட் வேலிப் பூங்காவுக்குள் தங்காமல் வெளியே தங்குவதாக இருந்தால், நுழைவாயில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வைகறை · செப்டம்பர் 21

பூங்காவுக்குள்ளேயே தங்குகிறோம் அண்ணா. மாடத்திலிருந்தே பாறைகள் தெரியுமாம்.

வைகறை · அக்டோபர் 16

திரும்பி வந்துவிட்டோம். இத்தனை பேர் எங்களுக்காக நேரம் செலவிட்டீர்கள், நடந்ததைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

முக்காலி அண்ணா சொன்னபடியே முதல் நாள் நாலே முக்காலுக்கு அப்பா எழுந்து, சாவி கொடுத்த கடிகாரத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். 5:45-க்கு மேத்தர் பாயின்டில் இருந்தோம். குளிர் கடுமை. அம்மா இரண்டு சால்வை போர்த்தியிருந்தார். கீழ்வானம் வெளுக்கத் தொடங்கியபோது எங்களைச் சுற்றி முப்பது, நாற்பது பேர் இருந்திருப்பார்கள், ஒரு சத்தம் இல்லை. செம்மை ஒவ்வொரு அடுக்காக இறங்குவதை ஏழரை மணி வரை நின்று பார்த்தோம். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. காருக்கு வந்த பிறகு, ‘பெரிய கோயில் விமானத்தில் வெயில் இறங்கும் மாதிரியே இருந்தது’ என்றார்.

பேஜ் விடுதியில் என் கைப்பேசி பீனிக்ஸ் நேரத்திலேயே நின்றது. மாற்றி வைக்க மறந்த என் கணவருடைய கைப்பேசி இரவுக்குள் ஒரு மணி நேரம் முன்னே தாவியிருந்தது. காலையில் அவர் பதறி எழுந்து எங்களையும் கிளப்பப் பார்த்தார். அப்பா கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினார். விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் ஈழவன் சொல்லிக்கொடுத்தபடி கேட்டேன். ‘அரிசோனா நேரம்’ என்று உடனே பதில் சொன்னார். அந்தக் கேள்வியை அவர் தினமும் பலமுறை கேட்பவர் என்று குரலிலேயே தெரிந்தது.

மான்யுமென்ட் வேலியில் 13 காலை மாடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். முதலில் பாறைகள் கறுப்பு உருவங்களாக நின்றன, பின்னால் வானம் ஆரஞ்சாக மாறிக்கொண்டே வந்தது. அட்டவணை நேரம் கடந்தும் சூரியன் வரவில்லை. மூன்று நிமிடம் கழித்துத்தான் முதல் கீற்று தெரிந்தது. தொலைவில் இருந்த மேட்டு நிலம் மறைத்திருக்க வேண்டும். அப்பா கடிகாரத்தைப் பார்த்து, ‘6:29’ என்றார். பிறகு தானே கணக்குப் போட்டு, ‘ஊரில் 6:59, உன் அத்தை விளக்கேற்றி முடித்திருப்பாள்’ என்று சொல்லி, கைப்பேசியை வாங்கி அத்தையை அழைத்தார். படத்தில் அத்தை வந்ததும் கைப்பேசியைத் திருப்பிச் சூரியனைக் காட்டினார். அங்கே திண்ணையில் இருட்டு, அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.